ஒரு மே மாதச் செய்தியும் 118 நாடுகளும்

பழைய பத்திரிகை நறுக்குகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது 1995 மே மாதத்து நறுக்கொன்று கையில் அகப்பட்டது. அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை காலவரையறையின்றி நீடிக்கப்பட்டது என்னும் செய்தி. உள்பக்கமொன்றின் அடியில், ஒற்றைப் பத்தியில், விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் இடையில் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது. அதனை மொழிபெயர்த்து அந்த இடத்தில் போட்டவன் நானே. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஓர் இலங்கையர் என்ற விபரத்தைக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன்.

என் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. நியூயோர்க்கில் அம்மாநாடு ஆரம்பமானது ஏப்ரல் 17ஆந் திகதி. 19ஆந் திகதி அதிகாலை திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையின் பீரங்கிப் படகுகள் தகர்க்கப்பட்டன. பேச்சுவார்த்தை முறிந்து போர் மீண்டும் மூண்டது. வடக்கிலிருந்து தகவல் எதுவும் ஒழுங்காக வராத அந்நாட்களில், உலகத்தின் அணுகுண்டுகளைப் பற்றி ஆசிரியபீடத்தில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை.

அந்த நறுக்கை இப்போது திரும்பவும் வாசிக்கத் தூண்டியது செயற்கை நுண்ணறிவு பற்றிய விவாதம். 2023 ஜூனில் ஐ.நா. செயலாளர் நாயகம் அன்ரோனியோ குட்டெரெஸ், சர்வதேச அணுசக்தி முகவரகத்தை ஒத்த ஓர் அமைப்பைச் செயற்கை நுண்ணறிவுக்கும் உருவாக்கும் யோசனையைத் தாம் வரவேற்பதாகக் கூறினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர்களும் அதே உவமையைக் கையாண்டிருந்தார்கள். உவமை நல்லதுதான். ஆனால் அணுசக்தியின் கதையில் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமையும்.

முதற்பக்கம் 1946. ஹிரோஷிமா அழிந்து ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, ஜூன் 14ஆந் திகதி, அமெரிக்காவின் பேர்னாட் பரூக் ஐ.நா. அணுசக்தி ஆணைக்குழுவில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். உலகின் அபாயகரமான அணுசக்தி வேலைகள் அனைத்தும் ஒரு சர்வதேச அதிகாரசபையின் கையில் இருக்கவேண்டும். மீறுவோருக்கான தண்டனையை எந்த வல்லரசும் வீட்டோவினால் தடுக்க முடியாது. இந்த ஏற்பாடு முழுமையாக நடைமுறைக்கு வந்தபின்னர் அமெரிக்கா தன் குண்டுகளைக் கைவிடும். சோவியத் பிரதிநிதி குரோமிக்கோ ஐந்து நாட்களில் எதிர்த்திட்டம் கொண்டுவந்தார்: முதலில் குண்டுகளை அழியுங்கள், கட்டுப்பாட்டைப் பின்னர் பேசுவோம். யார் முதலில் கையை விரிப்பது என்ற கேள்வியிலேயே இரண்டும் மடிந்தன. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியனும் தன் குண்டை வெடித்தது. அணுசக்தி முகவரகம் 1957இல்தான் பிறந்தது. பரவல் தடை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1970இல். முதற் குண்டுக்கும் அதற்கும் இடையில் கால் நூற்றாண்டு.

அந்த உடன்படிக்கை ஒரு கொடுக்கல் வாங்கல். குண்டு இல்லாதோர் இனி அதனைச் செய்வதில்லை என்று வாக்களித்தார்கள். குண்டு வைத்திருந்த ஐந்து நாடுகள், ஆயுதக் களைவு நோக்கி நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்துவதாக வாக்களித்தன. இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் மாநாடு கூடி, இதனை நிரந்தரமாக்குவதா, மேலும் ஒரு தவணைக்கு நீடிப்பதா என்று தீர்மானிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாறு கூடியதே 1995 மாநாடு. தலைவர் ஜயந்த தனபால.

அவருடைய பணி இலகுவானதன்று. அப்போதிருந்த 178 உறுப்பு நாடுகளில் பெரும்பான்மை இணங்கினாற் போதும். கனடா கொண்டுவந்த நிரந்தர நீடிப்புத் தீர்மானத்தை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் விடயம் முடிந்திருக்கும். தனபால அதனைத் தவிர்த்தார். தோற்கடிக்கப்பட்ட ஒரு சிறுபான்மை, தான் விரும்பாத வாக்குறுதியை எவ்வளவு காலம் காப்பாற்றும் என்பதே அவரது கவலை. முக்கிய தூதுக்குழுக்களைத் தனியாக அழைத்துப் பேசினார். தன் குண்டுகளைத் தானே கலைத்திருந்த தென்னாபிரிக்கா, கோட்பாடுகளும் இலக்குகளும் அடங்கிய பத்திரம் ஒன்றையும் பலப்படுத்தப்பட்ட மீளாய்வு முறையையும் பிரேரித்தது. இஸ்ரேல் வெளியே நிற்க நாங்கள் மட்டும் நிரந்தரமாகக் கட்டுண்பதா என்று கேட்ட அரபு நாடுகளுக்காக மத்திய கிழக்குப் பற்றிய தீர்மானமொன்று சேர்க்கப்பட்டது. மே 11ஆந் திகதி முழுப் பொதியும் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது.

அன்று நான் அறியாத, அறிய முயலாத பகுதி இனித்தான் வருகிறது. சிறிய நாடுகள் கொடுத்தது நிரந்தரமானது, பெற்றுக்கொண்டது வாக்குறுதிகள். அணுவெடிப்புப் பரிசோதனைகளை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கை 1996 செப்டெம்பரில் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மத்திய கிழக்குத் தீர்மானம் காகிதத்திலேயே தங்கிவிட்டது. 2015 மீளாய்வு மாநாடு இணக்கமின்றிக் கலைந்ததற்கு அதுவே பிரதான காரணம். தனபால பின்னர், 1998இலிருந்து 2003வரை, ஐ.நா.வின் ஆயுதக் களைவுத் துறைக்குப் பொறுப்பான துணைச் செயலாளர் நாயகமாக இருந்தார். 2023 மே 27ஆந் திகதி காலமானார்.

அதே ஆண்டு நவம்பர் முதலாம், இரண்டாம் திகதிகளில் பிரித்தானியா பிளெச்லி பார்க்கில் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு மாநாட்டைக் கூட்டியது. உலகப் போரில் ஜேர்மனியரின் எனிக்மா இரகசியக் குறியீடுகளை அலன் ரியூரிங்கும் சகாக்களும் உடைத்த இடம் அது. 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரகடனத்தில் இணைந்தன. அமெரிக்காவும் சீனாவும் ஒரே பத்திரத்தில் நின்றது பெரிய விடயம். பழைய பழக்கத்தில் பட்டியலில் எங்கள் நாட்டைத் தேடினேன். இந்தியா இருந்தது, கென்யா இருந்தது, ருவாண்டாவும் இருந்தது. இலங்கை இல்லை.

இது இலங்கையின் தனிக் குறை அன்று. ஐ.நா.வின் 39 பேர் கொண்ட ஆலோசனைச் சபை 2024 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஐ.நா.வுக்கு வெளியே நடந்த ஏழு முக்கிய முயற்சிகளை எடுத்து எண்ணிப் பார்த்தது. ஏழிலும் பங்குபற்றியவை ஏழே நாடுகள். ஒன்றிலேனும் பங்குபற்றாதவை 118. நாங்கள் அந்த 118இல் அடங்குவோம்.

1995இல் சிறிய நாட்டின் கையில் ஒரு சரக்கு இருந்தது: அதன் கையொப்பம். அது இல்லாமல் வல்லரசுகளுக்குக் காரியம் ஆகாது. செயற்கை நுண்ணறிவில் நாங்கள் எதைக் கொடுக்க மறுப்போம்? எதனைச் செய்வதில்லை என்று வாக்களிப்போம்? செறிவூட்டிய யுரேனியத்தை நிறுக்கலாம், முத்திரையிட்டுப் பூட்டலாம். கணினி நிரலைப் பிரதி செய்து நொடியில் கடல் கடத்தலாம். நிறுத்து எண்ணக்கூடியவை அதனை இயக்கும் சில்லுகளே. அவற்றையும் வொஷிங்டன் 2022 ஒக்டோபர் முதல், உடன்படிக்கையின் மூலம் அன்றித் தன் ஏற்றுமதிச் சட்டத்தின் மூலமே சீனாவுக்குக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. மேலும் அன்று குண்டு செய்தவை அரசாங்கங்கள். இன்று இவற்றைச் செய்பவை பெரும்பாலும் தனியார் கம்பனிகள். 2025 பெப்ரவரியில் பாரிஸில் கூடியபோது கூட்டறிக்கையில் அமெரிக்கா ஒப்பமிடவில்லை. பிளெச்லியில் விருந்தளித்த பிரித்தானியாவும் ஒப்பமிடவில்லை. 1946ஆம் ஆண்டு ஆணைக்குழுவின் காட்சி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் திகனவைச் சொல்வதுண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் பரவின. எந்தப் பதிவை எவருடைய கண்முன் நிறுத்துவது என்று தெரிவு செய்தது கணினி நிரல். சிங்களத்தில் எழுதப்பட்டதைக் கண்காணிக்கப் போதிய ஆட்கள் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. அரசாங்கம் ஒரு வாரமளவில் சமூக ஊடகங்களை முடக்கியது. அவ்வளவே அதன் கையில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 2020 மே மாதத்தில், நிறுவனம் மன்னிப்புக் கோரியது. எந்தச் சர்வதேச விதியும் அதனை அவ்வாறு செய்யுமாறு பணிக்கவில்லை. செய்யாதிருந்தால் முறையிடுவதற்கு ஓர் இடமும் இருந்திருக்காது.

2025 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பின்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 40 நிபுணர்களைக் கொண்ட விஞ்ஞானக் குழு ஒன்று. அதனுடன் எல்லா நாடுகளும் அமரக்கூடிய உலகக் கலந்துரையாடல், 2026 ஜூலையில் ஜெனீவாவிலும் 2027இல் நியூயோர்க்கிலும். தண்டிக்கும் அதிகாரமோ பரிசோதிக்கும் அதிகாரமோ அதற்கு இல்லை. ஆயினும் 118 நாடுகளுக்கும் அங்கே ஆசனம் உண்டு. அமரப்போகிறவர் தனபால போல விடயத்தை வருடக்கணக்காகக் கற்றவராக இருக்கவேண்டும். 1995க்கு முன்னரே அவர் ஜெனீவாவில் ஐ.நா.வின் ஆயுதக் களைவு ஆய்வு நிலையத்தை ஐந்தாண்டு நடத்தியிருந்தார் என்பதையும் அன்று நான் என் செய்தியில் எழுதவில்லை.