ரோலண்ட்செக் ரயில் நிலையம்

ரோலண்ட்செக், ஜெர்மனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் ரேமாகன் நகராட்சிக்கு உட்பட்ட சிற்றூர். ரைன் ஆற்றின் இடக்கரையில், பான் நகருக்குத் தெற்கே, மாநில எல்லையை ஒட்டி உள்ளது. ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத மாளிகை போன்ற ரயில் நிலையம் இங்கே ஏன் எழுந்தது என்பதற்கு ஆற்றில்தான் விடை இருக்கிறது.

கோல்ன் நகரையும் பானையும் இணைத்து 1844-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை அமைத்த பான்-கோல்ன் ரயில்வே நிறுவனம் அதைத் தெற்கே நீட்டி, 1856-இல் ரோலண்ட்செக் வரை கொண்டுவந்தது. தண்டவாளம் அங்கே முடிந்தது. மேற்கொண்டு தெற்கே போகிறவர்கள் ரயிலிலிருந்து இறங்கி ரைன் நீராவிக் கப்பலில் ஏறினார்கள். அன்று ரைன் பள்ளத்தாக்கு ஐரோப்பியச் செல்வர்களின் விருப்பமான சுற்றுலாத் தலம். கப்பலுக்காகக் காத்திருக்கும் அத்தகைய பயணிகளுக்கு, சீட்டு வாங்கும் அறையும் ஒரு மரப்பெஞ்சும் போதாதல்லவா? அதனால்தான் மாடியில் விழா மண்டபமும், ஆற்றைப் பார்த்த அகன்ற மேல்தளமும் கொண்ட கட்டடம் எழுந்தது.

அந்த மேல்தளமே இந்நிலையத்தின் உயிர். மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்களும் இரும்புக் கைப்பிடிச் சுவர்களும் கொண்ட அதில் நின்றால், எதிர்க்கரையில் சீபென்கெபிர்கெ மலைகளும் டிராகன்ஃபெல்ஸ் குன்றும் தெரியும். ஆற்றின் நடுவே நோனன்வெர்த் தீவு. இசைமேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் 1840-களின் தொடக்கத்தில் கோடைக்காலங்களைக் கழித்த தீவு அது. நிலையத்துக்குப் பின்னால் உள்ள குன்றில் பழைய கோட்டையின் எச்சமான ஒற்றை வளைவு நிற்கிறது. 1839-இல் அது இடிந்து விழுந்தபோது, கவிஞர் ஃபெர்டினான்ட் ஃபிரைலிக்ராத் நிதி திரட்டி, மறு ஆண்டே அதை மீண்டும் எழுப்பச் செய்தார். ரயில் வருமுன்பே மக்கள் தேடிவந்த இடம் இது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

முனையம் என்ற பெருமை நீடிக்கவில்லை. 1857-இல் ரைனிய ரயில்வே நிறுவனம் இப்பாதையை ஏற்றது. 1858-இல் தண்டவாளம் கோப்லென்ஸ் வரை சென்றுவிட்டது. ரோலண்ட்செக் வழியிலுள்ள நிலையங்களில் ஒன்றாயிற்று. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. விக்டோரியா அரசி, பிஸ்மார்க், பிராம்ஸ், கிளாரா ஷூமான் ஆகியோர் இங்கு வந்துபோனவர்களாகக் குறிப்பிடப்படுகின்றனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டடம் பராமரிப்பின்றிச் சிதைந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1964-இல் பான் நகரக் கலைக்கூட உரிமையாளர் யோகானஸ் வாஸ்முத் அதைக் கைக்கொண்டு, ஓவியர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் திறந்துவிட்டார். பியானோ கலைஞர் ஸ்டெஃபான் அஸ்கெனாசே அவருக்குத் துணை நின்றார். ஓவியர் ஒஸ்கார் கொகோஷ்கா, ஊமைக்கூத்துக் கலைஞர் மார்செல் மார்சோ போன்றோர் இங்கு வந்தனர். பின்னாளில் அரசு பெரும்பணம் செலவிட்டது உண்மைதான். ஆனால் தனிமனிதர் ஒருவரின் பிடிவாதம் இல்லாதிருந்தால், அந்தப் பணம் செலவிட இங்கே கட்டடமே இருந்திருக்காது. வாஸ்முத் 1997-இல் காலமானார்.

புதுப்பிக்கப்பட்ட நிலையம் 2004-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சிற்பி ஹான்ஸ் ஆர்ப் பெயரிலான அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் 2007-இல் பின்புறக் குன்றின் மேல் எழுந்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் மேயர் வடிவமைத்த வெண்ணிறக் கட்டடம் அது. பார்வையாளர்கள் பழைய நிலையத்துக்குள் நுழைந்து, சுரங்கவழி நடந்து, குன்றின் உள்ளே அமைந்த மின்தூக்கியில் மேலே செல்கிறார்கள். பயன்பாடு இழந்த ரயில் நிலையங்கள் அருங்காட்சியகமாவது ஐரோப்பாவில் புதிதல்ல. பாரிஸின் ஓர்சே நிலையம் புகழ்பெற்றது. ஆனால் ரோலண்ட்செக்கில் கலையும் ரயிலும் ஒரே இடத்தில் தொடர்கின்றன. அதுவே இதன் தனிச்சிறப்பு.

இப்பாதை மின்மயமாக்கப்பட்ட இரட்டைப் பாதை. தொலைதூர விரைவு ரயில்கள் இங்கு நிற்பதில்லை. கோல்ன், பான், கோப்லென்ஸ், மைன்ஸ் நகரங்களை இணைக்கும் ஆர்பி 26 வட்டார ரயில் மணிக்கு ஒருமுறை நிற்கிறது. பானிலிருந்து ஆர் பள்ளத்தாக்குக்குச் செல்லும் ஆர்பி 30 தடமும் இவ்வழியே வகுக்கப்பட்டது. 2021 ஜூலை வெள்ளம் ரேமாகனுக்கு அப்பால் அப்பள்ளத்தாக்கின் தண்டவாளங்களையும் பாலங்களையும் அடித்துச் சென்றதால், அத்தடத்தில் முழுத் தொலைவுக்கும் சேவை பல ஆண்டுகள் நடக்கவில்லை. வட்டார ரயில்கள் அனைத்திலும் செல்லும் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' மாதச் சீட்டு இங்கும் செல்லும். அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையின் பாட் ஹொனெஃப் நகருக்கு வாகனங்களை ஏற்றும் படகு செல்கிறது.

அருங்காட்சியகத்தைக் காண வருவோர் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று விடுமுறை.