வண்டிக்கு வெளியே நின்றவர்கள்

பாடநூலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நாம் கேட்கிறோம். சினிமாவிலும் கேட்கிறோம். வீடியோ கேமை மட்டும் பொழுதுபோக்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மனதில் குடியேற்ற வரலாற்றைப் பதியவைத்ததில் ஒரு கணினி விளையாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பெயர் 'ஓரிகன் டிரெயில்'.

1971இல் மினியாப்பொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிக் குடியேறப் போனவர்களின் பயணம்தான் பாடம். அதை விளையாட்டாக்க, நண்பர்கள் பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் நிரல் எழுதினார்கள். திரை கிடையாது, எல்லாம் தாளில் அச்சாகி வரும். மிசௌரியிலிருந்து ஓரிகனுக்குச் சுமார் 2,000 மைல். வண்டி மாடு, உணவு, துணி, தோட்டா என்று கையிலுள்ள பணத்தைப் பங்கிட வேண்டும். நோயையும் பனியையும் தாண்டி உயிரோடு போய்ச் சேர்ந்தால் வெற்றி. பிறகு மின்னசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பான 'மெக்' இதை நாடெங்கும் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. அதை ஆடி வளர்ந்தவர்களை 'ஓரிகன் டிரெயில் தலைமுறை' என்றே இன்றும் சொல்கிறார்கள்.

ராவிட்ச் பொறுப்பில்லாமல் செய்யவில்லை. பின்னர் விளையாட்டைத் திருத்தியபோது பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த ஆபத்து எவ்வளவு வந்தது என்று கணக்கிட்டார். பழங்குடி மக்கள் பயணிகளுக்கு உதவியதையும் அவற்றிலிருந்தே எடுத்தார். சிக்கலும் அங்கேதான். நாட்குறிப்பு எழுதியவர் வண்டிக்குள் இருந்தவர். அவர் பார்வையில் பழங்குடி மக்கள் வழியில் எதிர்ப்படுபவர்கள், அவ்வளவுதான். நிலத்துக்கு உரியவர்களாக அவர்கள் வரவில்லை.

அந்த நிலம் என்ன ஆனது? ஓரிகனில் ஏற்கெனவே குடியேறியிருந்த தனி வெள்ளை ஆணுக்கு 320 ஏக்கர், மணமான தம்பதிக்கு 640 ஏக்கர் என்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் இலவசமாகக் கொடுத்தது. பழங்குடிகளோடு ஒப்பந்தங்கள் உறுதியாகும் முன்பே இது நடந்தது. ஊர் போய்ச் சேர்வதோடு முடியும் விளையாட்டில் இதற்கு இடமில்லை.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவரை நாயகராக்கினால் போதுமா? 1990களின் தொடக்கத்தில் அதே மெக் 'ஃபிரீடம்!' என்ற விளையாட்டை வெளியிட்டது. அடிமைத்தளையிலிருந்து வடக்கே தப்பியோடும் கறுப்பினத்தவராக ஆட வேண்டும். நோக்கம் நல்லதுதான். கறுப்பின ஆலோசகரும் இருந்தார். ஆனால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் போதிய ஆயத்தமில்லாமல் அது வகுப்பறைக்குள் போனது. தங்கள் முன்னோரின் வதை பிள்ளைகளுக்கு வேடிக்கையாகிறது என்று பெற்றோர் எதிர்த்தார்கள். 1993இல் மெக் அதைத் திரும்பப் பெற்றது.

மூன்றாவது வழியை 2019இல் பழங்குடி மக்களே காட்டினார்கள். 'வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்' என்ற விளையாட்டில் நாம் 1890களில் மின்னசோட்டாவில் நிலத்தை இழந்து மேற்கே போகும் அனிஷினாபே இனத்தவர். எலிசபெத் லாபென்சே தலைமையில் 30க்கும் மேற்பட்ட பழங்குடி எழுத்தாளர்கள் அதன் கதைகளை எழுதினார்கள். கதையின் பின்னணியில் இருப்பது, பொது நிலத்தைத் தனித்தனித் துண்டாக்கிய 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம். அந்த ஆண்டு பழங்குடிகளிடம் இருந்த சுமார் 13.8 கோடி ஏக்கர், 1934க்குள் 4.8 கோடியாகச் சுருங்கிவிட்டது. ஓரிகன் டிரெயில் போலவே இதுவும் மேற்கே போகும் பயணம்தான். ஆனால் கதையைச் சொல்பவர் மாறியதும் நிலம் பறிபோனதுதான் கதை என்பது தெரிகிறது.

தோழர்களே, பஞ்சமி நிலத்தின் கதையை நாளை யாரோ விளையாட்டாகவோ படமாகவோ எடுக்கலாம். அரசு ஆவணத்தை மட்டும் படித்து எடுத்தால், பட்டா யார் பெயருக்கு மாறியது என்பது வரும். அந்த நிலத்தில் உழுத குடும்பம் எப்படி வெளியேறியது என்பது வராது. நம் பிள்ளைகள் பலர் இன்று நிரல் எழுதக் கற்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வைப்போம். நம் நாட்குறிப்பை நாம்தான் எழுத வேண்டும்.