பொதுநிலையினரின் திருவழிபாட்டுப் பணிகள்

பொதுநிலையினரின் திருவழிபாட்டுப் பணிகள் என்பவை, கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் போன்ற திருநிலைப்பாடு பெறாத இறைமக்கள் திருப்பலியிலும் பிற வழிபாடுகளிலும் ஆற்றும் பணிகளாகும். இறைவாக்கு வாசித்தல், பீடப்பணி, நற்கருணை வழங்குதல், பாடகர் குழுவில் பாடுதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. பங்குகளில் இவற்றைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே ஊதியமின்றிச் செய்கின்றனர். இலத்தீன் வழிபாட்டு முறையில் உள்ள நடைமுறை இங்கு விளக்கப்படுகிறது.

வரலாறு

தொடக்கத் திருச்சபையில் வாசகர், பீடத்துணைவர் ஆகியோர் தனித்தனிப் பணியாளர்களாக விளங்கினர். காலப்போக்கில் இப்பணிகள் குருத்துவத்தை நோக்கிய படிகளாக மாறின. வாயிற்காப்போர், வாசகர், பேயோட்டுநர், பீடத்துணைவர் என்னும் நான்கும் 'சிறு பட்டங்கள்' எனப்பட்டன. குருத்துவப் பயிற்சி பெறும் ஆண்களே இவற்றைப் பெற்றனர். எனினும் பங்குக் கோவில்களில் பீடத்துணைவரின் வேலையைப் பட்டம் பெறாத சிறுவர்களே செய்து வந்தனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்கள் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் பங்கேற்க வேண்டும் என்று கூறியது. பீடச்சிறுவர், வாசகர், பாடகர் ஆகியோர் ஆற்றுவது உண்மையான திருவழிபாட்டுப் பணியே என்றும் அது அறிவித்தது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1972 ஆகஸ்ட் 15 அன்று சிறு பட்டங்களை நீக்கினார். வாசகர், பீடத்துணைவர் ஆகிய இரண்டும் பொதுநிலையினருக்கும் அளிக்கத்தக்க பணிகளாக வைத்துக்கொள்ளப்பட்டன. ஆனால், அவை ஆண்களுக்கு மட்டுமே உரியவை எனக் குறிக்கப்பட்டது.

பணிகள்

வாசகர்: நற்செய்தி தவிர்ந்த பிற வாசகங்களை வாசிப்பவர். நற்செய்தியைத் திருத்தொண்டர் அல்லது குரு வாசிப்பார்.

பீடப்பணியாளர்: திருச்சிலுவை, மெழுகுதிரி, தூபக்கலசம் ஆகியவற்றை ஏந்துவதும், அப்ப இரசத்தைக் கொண்டு தருவதும் இவர்தம் பணி. பீடச்சிறாரின் பாதுகாவலர் புனித தர்சீசியு ஆவார்.

நற்கருணை வழங்கும் சிறப்புப் பணியாளர்: ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகியோரே நற்கருணை வழங்கும் வழமையான பணியாளர்கள். அவர்கள் போதாதபோது பொதுநிலையினரை இப்பணிக்கு நியமிக்க 1973 இல் வெளியான ஆணை வழிசெய்தது. நோயாளிகளின் இல்லங்களுக்கு நற்கருணை எடுத்துச் செல்வதும் இவர்களது பணியாகும்.

பாடகர் குழு: பாடல்களை வழிநடத்தி, மக்களும் சேர்ந்து பாடத் துணைநிற்கும் குழு.

திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது.

பெண்களின் பங்கு

1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 230 ஆம் சட்டம் இருவகை நிலைகளை ஏற்படுத்தியது. சடங்குமுறையில் நிலையாக ஏற்படுத்தப்படும் வாசகர், பீடத்துணைவர் பணிகள் ஆண்களுக்கு உரியவை. தற்காலிக நியமனத்தின் மூலம் வாசகர் பணியைப் பெண்களும் ஆற்றலாம். இந்தத் தற்காலிக நியமனம் பீடப்பணியையும் உள்ளடக்கும் என்று 1994 இல் உரோமை தெளிவுபடுத்தியது. சிறுமியரைப் பீடப்பணியில் சேர்ப்பது அந்தந்த மறைமாவட்ட ஆயரின் முடிவுக்கு விடப்பட்டது.

இதனால் பல பங்குகளில் பெண்கள் பல ஆண்டுகள் வாசகம் வாசித்தபோதிலும், சட்டத்தின் பார்வையில் அவர்களது பணி தற்காலிகமானதாகவே இருந்தது. திருத்தந்தை பிரான்சிசு 2021 சனவரி 10 அன்று இச்சட்டத்தைத் திருத்தி, நிலையான பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே 10 அன்று மறைக்கல்வியாளர் பணியும் நிலையான பணியாக ஏற்படுத்தப்பட்டது. 2022 சனவரி 23 அன்று புனித பேதுரு பேராலயத்தில் அவர் ஆண், பெண் இருபாலாருக்கும் வாசகர், மறைக்கல்வியாளர் பணிகளை வழங்கினார்.

இப்பணிகளை நிலையாக ஏற்பதால் ஊதியம் பெறும் உரிமை உண்டாவதில்லை என்று அதே 230 ஆம் சட்டம் கூறுகிறது. குருத்துவத் திருநிலைப்பாடு ஆண்களுக்கு மட்டுமே உரியது என்னும் திருச்சபையின் நிலைப்பாடு இத்திருத்தத்தால் மாறவில்லை.

தமிழர் பகுதிகளில்

குருக்கள் இல்லாத ஊர்களில் பொதுநிலையினர் வழிபாட்டை நடத்துவது தமிழ்க் கத்தோலிக்கரிடையே பழைய வழக்கமாகும். 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிசு சவேரியார், தாம் இல்லாதபோது மக்களுக்குச் செபங்களைக் கற்பிக்க ஊர்தோறும் உபதேசியார்களை ஏற்படுத்தினார். இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தபோது, மூப்பர், அண்ணாவியார் எனப்பட்ட பொதுநிலையினர் மக்களைச் செபத்திற்கு ஒன்றுகூட்டி நம்பிக்கையைக் காத்தனர்.