உப்புக் காற்றில் ஒரு பென்ஸ்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், கொழும்பிலிருந்து வரும் ஏ-3 பெருவீதியை ஒட்டிய தென்னந்தோட்டங்களின் நடுவே, பழைய வீடுகளின் முற்றங்களில், கிடுகு வேய்ந்த கொட்டகைகளின் கீழ் இன்றும் சில மெர்சிடிஸ் பென்ஸ் கார்களைக் காணலாம். அவற்றுள் என் கண்ணில் அதிகம் பட்டது ‘டபிள்யூ 123’ என்ற தொழிற்சாலைக் குறியீட்டால் அறியப்படும் வகை. 1976இன் தொடக்கத்தில் அறிமுகமாகி, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் உருவாக்கப்பட்ட வகை அது. ஜேர்மனியில் அதன் டீசல் வண்டிகளை வாடகைக் கார்ச் சாரதிகள் ஓட்டினார்கள். நம் நாட்டிலோ அது அமைச்சரும் தோட்ட முதலாளியும் ஏறும் வாகனம். இந்த ஒரு வேறுபாட்டுக்குள் இலங்கையின் பொருளாதார வரலாறு பாதியேனும் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

நாற்பது ஆண்டு கடந்த ஒரு சொகுசுக் கார் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எப்படி உயிரோடு இருக்கிறது? ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் இதனைப் பழைமைமீதான பற்று என்று எண்ணிப் புகைப்படம் எடுத்துச் செல்கிறார்கள். பற்று இல்லாமலில்லை. ஆனால் அந்தக் காரை உயிரோடு வைத்திருந்தது முதலில் திறைசேரியின் வறுமை. அதற்குப் பிறகுதான் முற்றத்தில் மல்லாந்து படுத்துக் கொண்டு அதன் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்த மனிதர்களின் கைகள்.

இந்தக் கரையோரத்துக்குச் சொகுசுக் கார் வந்தது தேங்காயின் முதுகில் ஏறி. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களைச் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். சிலாபம், மாதம்பை, மாரவில, லுணுவில ஆகியவை அதன் கடல்முனை. 1950இல் கொரிய யுத்தம் மூண்டபோது உலகச் சந்தையில் றப்பரின் விலையோடு தேங்காய்ப் பொருட்களின் விலையும் ஏறியது. தோட்டக்காரரின் கைக்குப் பணம் வந்தது. ஹம்பரும் ஜாகுவாரும் பென்ஸும் தோட்ட வீடுகளின் முகப்பு மண்டபங்களுக்குள் நுழைந்த காலம் அது. பழுதானால் கொழும்பிலுள்ள முகவர் நிலையத்துக்குத் தகவல் அனுப்பினால் போதும். உதிரிப்பாகம் கப்பலில் வந்து சேரும். வீட்டிலேயே பழுதுபார்ப்பது என்ற பேச்சு அன்று எழவில்லை. அது சாரதியின் வேலை. முதலாளி திருகாணியைத் தொட்டால் அவருக்கு இழுக்கு.

அந்த இழுக்கை ஒழித்தது அந்நியச் செலாவணி நெருக்கடி. 1960களின் தொடக்கத்திலேயே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகத் தொடங்கின; மோட்டார் கார் அதில் முன்வரிசையில் அகப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சிக் காலத்தில் கதவு ஏறக்குறைய முற்றாக மூடிக் கொண்டது. 1973இல் எண்ணெய் விலையும் உலகெங்கும் உயர்ந்தது. அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்கே தடை இருந்த நாட்டில், ஹம்பருக்கு பிஸ்டன் வளையம் வேண்டும் என்று எவரிடம் போய்க் கேட்பது? கடைச்சல் பட்டறைகள் அப்போதுதான் தம் உண்மையான பெருமையைக் கண்டன. இல்லாத பாகத்தைக் கடைந்தெடுத்தார்கள். ஒரு காரின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள். மூன்று செத்த கார்களிலிருந்து உயிருள்ள ஒன்றை உண்டாக்கினார்கள். கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகங்களின் பெருஞ்சந்தையாக வளர்ந்ததன் பின்னணி இதுதான்.

அக்காலக் கார்களின் வயதை அறிய இலக்கத் தகடே போதுமானது. 1958க்கு முற்பட்டவை ஈ.என்., ஈ.வை. என்பன போன்ற ஆங்கில எழுத்துகளைத் தாங்கியவை. அதன்பின் வந்தவற்றில் சிங்கள ‘ஸ்ரீ’ ஏறியது. தமிழ் வாசகர்களுக்கு இந்த எழுத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக அரசுடைமையாக்கப்பட்ட பஸ்கள் ஸ்ரீ தகட்டோடு வடக்குக்கு அனுப்பப்பட்டதும், தமிழரசுக் கட்சியினர் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடத்தியதும், தெற்கில் தமிழ் எழுத்துகளின்மீது தார் பூசப்பட்டதும், பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிபட்டதும், மே மாத வன்செயலும் எல்லாம் அந்த 1958இல் நிகழ்ந்தவை. பிற்காலத்தில் தகடுகள் வெறும் எண்களாகி, இந்த நூற்றாண்டின் வாயிலில் மீண்டும் ஆங்கில எழுத்துகளுக்குத் திரும்பின. ஆனால் ஒருமுறை பதிவான கார் தன் இலக்கத்தைக் கடைசிவரை சுமக்கும். உடப்பிலோ முந்தலிலோ ஒரு தமிழர் பழைய காரொன்றைப் பேணி வைத்திருந்தால், வாரந்தோறும் அந்த ஸ்ரீயையும் சேர்த்தே துடைத்து மெருகேற்றுகிறார். பழைய கார் விற்பனையில் இன்று அந்த எழுத்துக்கு ஒரு மதிப்பும் உண்டு. காலத்தின் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

1977 நவம்பரில், புதிய அரசாங்கத்தின் நிதியமைச்சர் ரொனி டி மெல் முன்வைத்த வரவுசெலவுத் திட்டத்தோடு கதவு திறந்தது. ஜப்பானியக் கார்கள் வெள்ளமாக வந்தன. வசதி படைத்தோர் பென்ஸை நாடினர். டபிள்யூ 123 உற்பத்தியில் இருந்த ஆண்டுகளும் திறந்த பொருளாதாரத்தின் முதல் ஆண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்திப் போனமையாலேயே இந்தக் கரையில் அந்த வகை நிலைபெற்றது. ஐந்தாண்டு முன்னரோ பின்னரோ கதவு திறந்திருந்தால், கிடுகுக் கொட்டகையில் வேறொரு கார் நின்றிருக்கும்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஏறத்தாழ மே மாதம் தொடங்கி செப்டெம்பர், ஒக்டோபர் வரை கற்பிட்டிக் குடாநாட்டின்மீது தென்மேற்கிலிருந்து இடைவிடாது காற்று வீசும். பட்டம் கட்டி அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரர்களைக் கற்பிட்டிக்கு இழுப்பதும், மாம்புரியில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அந்தக் காற்றே. மழையைக் கொணராமல் கடலின் உப்புத் துகள்களை மட்டும் கொணர்கின்ற காற்று அது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, களப்பின் ஓரமெல்லாம் உப்பளம். பாலாவிப் பக்கம் போனால் சீமெந்துத் தூசியும் சேர்ந்து கொள்ளும். நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல். இரவில் பனியீரம் பட்டதும் இவையனைத்தும் காரின் மேனியில் பசையாகப் படிகின்றன.

டபிள்யூ 123இன் உருக்குத் தகடுகள் கனமானவை. ஆனால் பிற்காலக் கார்களைப் போல நாகப்பூச்சுப் பெற்றவை அல்ல. துரு வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளிருந்தே வரும். முன்விளக்குகளின் பின்னால் மண் தங்கும் இடுக்கு, ஜக் வைத்துத் தூக்கும் துளைகள், பின்சக்கர வளைவு, கதவுகளின் அடிவிளிம்பு ஆகியவை அதன் பிறப்பிடங்கள். கதவின் அடியில் நீர் வடிவதற்கெனச் சிறு துளைகள் உண்டு. கற்பிட்டி மணல் அவற்றை அடைத்துவிட்டால், கதவு ஓர் உப்புநீர்த் தொட்டியாகிவிடும். ஆகவே இங்கே கார் பேணுதலின் முதல் கருவி ஓர் ஈர்க்கு. தென்னை ஈர்க்கால் அந்தத் துளைகளைக் குத்தித் திறந்து விடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. செய்யாமல் விட்டால் நான்கு கதவுகளுக்கும் தகடு வெட்டி ஒட்டவேண்டி வரும்.

கழுவுவதிலும் ஒரு சிக்கல். குடாநாட்டின் மணலுக்கடியில் மழைநீரானது உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. விவசாயத்துக்காக அளவுமீறி இறைத்தால் உவர் மேலெழும். உப்பைப் போக்குவதற்காகக் காரைக் கழுவப் போய், உப்புநீராலேயே அதனை நீராட்டுவோர் உண்டு. விடயம் அறிந்தவர்கள் நாவில் வைத்துப் பார்த்து, நன்னீர்க் கிணற்றில் அள்ளிய நீரையே பயன்படுத்துவார்கள். றேடியேற்றருக்கும் அதே விதி. பெற்றோல் பென்ஸ்களின் அலுமினிய இயந்திரத் தலையை உவர்நீர் சில ஆண்டுகளில் அரித்துத் தின்றுவிடும். அந்தக் கால நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரங்களின் தலை வார்ப்பிரும்பு. அவை பிழைத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காரைச் சுவரெழுப்பிய அறைக்குள் பூட்டி வைப்பதைவிடக் காற்றோடும் கிடுகுக் கொட்டகையில் நிறுத்துவது நல்லது என்பதையும் பட்டறிந்தே கற்றார்கள். பூட்டிய அறையில் ஈரம் உலராது.

வீட்டு முற்றத்திலேயே சரிசெய்யத்தக்க நோய்கள் இந்தக் காருக்குப் பல. விளக்கு எரியவில்லை, கண்ணாடி இறங்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறக்கவேண்டும். அதன் ஃபியூஸ்கள் இருமுனையும் கூம்பிய சிறு உருளைகள். உப்பீரத்தால் முனைகளில் களிம்பு ஏறி மின்சாரம் தடைப்படும். விரலால் அவற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும். 1980 வரையான டீசல் வண்டிகளில் இயந்திரத்தைச் சூடேற்றும் பிளக்குகள் ஒரே தொடரில் இணைந்தவை. ஒன்று எரிந்தால் அத்தனையும் செத்துவிடும். எது எரிந்தது என்று ஒரு துண்டுக் கம்பியைக் கொண்டு தேடிப் பிடிப்பது பொறுமையின் வேலை. இன்னொரு வேடிக்கையும் உண்டு: சாவியைத் திருப்பி எடுத்த பின்னும் இயந்திரம் நிற்காமல் ஓடும். அந்த டீசல் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. அதனை நிறுத்துவது வெற்றிட உறிஞ்சல். கதவுப் பூட்டுகளுக்கும் அதே வெற்றிடக் குழாய்களே செல்கின்றன. எங்கோ ஒரு மூலையில் றப்பர் வெடித்திருந்தால் கார் நிற்க மறுக்கும். புதியவர் பேயென்று பயந்துவிடுவார். அறிந்தவர் பொனற்றைத் திறந்து, அதற்கென்றே வைத்திருக்கும் ‘ஸ்டொப்’ நெம்பியை அழுத்திவிட்டு, ஒரு சாண் றப்பர்க் குழாயைத் தேடிப் போவார்.

ஆசனத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தத் தலைமுறை ஜேர்மன் கார்களின் இருக்கைக்குள் இருப்பது வெறும் பஞ்சன்று. விலங்கு மயிரும் தென்னந்தும்பும் றப்பர்ப் பாலில் தோய்த்து இறுக்கிய மெத்தை. தும்பை ஏற்றுமதி செய்த முதன்மை நாடுகளுள் இலங்கை ஒன்று. சிலாபம் வட்டாரம் தும்பாலைகளுக்குப் பேர்போனது. இங்கே ஊறவைத்து அடித்த தும்பு கப்பலேறிப் போய், சொகுசு ஆசனமாகித் திரும்பி வந்திருக்கக்கூடும். நாற்பதாண்டில் அது பொடிந்து உதிரும்போது, மாரவிலவில் தும்பு வாங்கி மீண்டும் அடைக்கிறார்கள். மேலே போர்த்தும் துணி மட்டும் வேறு.

இந்தக் கைத்திறனின் வரலாற்றில் 1990ஐத் தாண்டிப் போக முடியாது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். கையில் சில நூறு ரூபாவுக்கு மேல் கொண்டு செல்ல விடவில்லை. மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் கற்பிட்டியில் கரையிறங்கினர். ஏனையோரிற் பெரும்பாலானோரும் புத்தளத்தையே வந்தடைந்தனர். யாழ்ப்பாணச் சோனகத் தெருவாரில் பலர் இரும்பு வணிகமும் லொறித் தொழிலும் வாகன உதிரிப்பாக வணிகமும் செய்தவர்கள். அவர்களுடைய கடைகளும் வாகனங்களும் அங்கேயே பறிபோயின. தமிழனாக இதனை எழுதும்போது என் பேனா கூசுகிறது. ஆயினும் எழுதாமல் விடுவதற்கில்லை. கிடுகுக் குடிசை முகாம்களில் ஒதுங்கியவர்களிடம் மிஞ்சியது, எந்த நட்டு எந்த வண்டிக்குப் பொருந்தும் என்ற நினைவு மட்டும். அந்த நினைவைச் சோதனைச் சாவடியில் எவராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை.

அதே ஆண்டுகளில் அவர்கள் விட்டுவந்த குடாநாட்டில், பொருளாதாரத் தடையின்கீழ், ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைப் பிழிந்துவிட்டு இயந்திரத்தை எழுப்புவது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது என்ற அந்த உத்தியை யாழ்ப்பாணத்தார் மறக்கமாட்டார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே அதற்கு இசைந்தன. புதிய கார்கள் கொட்டிலுக்குள் முடங்கின.

புத்தளத்துக்கு அதுபோன்றதொரு காலம் வர முப்பதாண்டு ஆயிற்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் கியூ.ஆர். முறையின்கீழ் காருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 20 லீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் பழைய டீசல் பென்ஸுக்கு அது 200 கிலோமீற்றர். புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போய்வரவே போதாது. ஆனாலும் தோட்ட மூலைகளில் செங்கல்மேல் நின்ற கார்களை மக்கள் மீண்டும் இறக்கினார்கள். புதியது வராத நாட்டில் பழையதன் விலை ஏறியது. கைவிட்டிருந்த தகடு வேலைக்காரரை மகனும் பேரனும் தேடிப் போனார்கள். வென்னப்புவவில் இத்தாலிப் பணத்தில் வாங்கிய புதுக் கார்களுக்கும் பாகம் கிடைக்கவில்லை என்பதைக் கண்ட ஊரார் மெல்லச் சிரித்திருப்பார்கள்.

2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் கார் இறக்குமதிக்குக் கதவு மீண்டும் திறந்தது, காரின் பெறுமதியை விழுங்கும் வரிகளோடு. இப்போது கராஜ்களில் இளைஞர்கள் கற்க விரும்புவது பென்ஸின் வெற்றிடக் குழாயை அன்று. ஹைபிரிட் கார்களின் பற்றரியை. செத்த கலத்தை மட்டும் கழற்றிவிட்டு நல்லதைப் பொருத்தும் வித்தை நாடெங்கும் பரவிவிட்டது. கலங்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் இந்தக் கரையில் சீக்கிரமே பச்சைக் களிம்பு பூக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, முற்றத்தில் குந்தியிருந்து, அரத்தாளால் தேய்த்துக் கொண்டிருக்கிறார்கள்.