குப்பை என்றொரு சொல்

சங்கச் செய்யுள்களிலே 'குப்பை' என்பது குவியலைக் குறித்த சொல். களத்திலே தூற்றிக் குவித்த நெல்லும் அன்று குப்பைதான். அதில் இழிவு எள்ளளவும் இல்லை. அந்தப் பழைய மதிப்பின் ஒரு துண்டு எங்கள் வடமராட்சித் தோட்டக்காரரிடம் நெடுங்காலம் தங்கியிருந்தது. வளவின் மூலையில் வெட்டிய கிடங்கிலே சாணமும் சாம்பலும் கூட்டிய சருகும் உக்கி எருவாகும். வெங்காயத் தறைக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் அதுவே பசளை.

சட்டமும் ஒருவகையில் இம்மதிப்பை ஒப்புக்கொண்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தெருக்களிலும் வீடுகளிலும் சேகரிக்கப்படும் குப்பை சபையின் சொத்து என்றே கூறுகிறது. சொத்து என்றால் பொறுப்பும் கூடவே வருமல்லவா? பொறுப்பைக் கைகழுவ விரும்பியோர் முதலில் பெயரையே மாற்றினர்.

1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பையை எரித்த சாம்பலில் ஏறத்தாழ 14,000 தொன்னை ஏற்றிக்கொண்டு 'கியான் சீ' என்னும் கப்பல் புறப்பட்டது. நாடு நாடாக மறுத்தன. 1988இன் தொடக்கத்தில் ஹெயிட்டி நாட்டின் கொனாய்வ் கரையில் சுமார் 4,000 தொன் இறக்கப்பட்டது. அங்கே அதற்குச் சொல்லப்பட்ட பெயர் 'பசளை'! உண்மை தெரிந்து அரசாங்கம் மீள ஏற்றச் சொன்னபோது கப்பல் நழுவிவிட்டது. மீதிச் சாம்பல் கடலுக்குப் போயிற்று. கப்பலும் 'பெலிசியா' என்றும், பின்னர் 'பெலிக்கானோ' என்றும் பெயர் மாற்றிக்கொண்டது. எழுத்தாளருக்குத்தான் புனைபெயர் வேண்டும் என்று நாம் எண்ணியிருந்தோம். ஹெயிட்டியில் கிடந்த சாம்பல் பென்சில்வேனியாவுக்கே மீண்டு புதைக்கப்பட்டது 2002இல்தான்.

இத்தகைய சம்பவங்களின் சூட்டிலே பிறந்ததுதான் பாசல் சமவாயம். 1989 மார்ச் 22இல் சுவிற்சர்லாந்திலே ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1992 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அவ்வாண்டு ஆகஸ்டிலே சேர்ந்துகொண்டது. பெறும் நாட்டின் எழுத்துமூலச் சம்மதமின்றி ஆபத்தான கழிவையோ வீட்டுக் குப்பையையோ அனுப்பலாகாது. களவாக அனுப்பினால் அனுப்பிய நாடே 30 நாளுக்குள் மீளப் பெறவேண்டும். சமவாயத்தின் உயிர் இவ்விரண்டிலுமே இருக்கிறது.

2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப் பிறப்பு. கொழும்பை அடுத்த மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். சொந்தக் குப்பைக்கே இடமின்றி நாடு திணறிய அதே ஆண்டில், பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலன்கள் வந்துகொண்டிருந்தன. 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் வந்தவற்றில் 263 கொள்கலன்கள், ஏறத்தாழ 3,000 தொன், பின்னர் பிடிபட்டன. பத்திரங்களில் இருந்த பெயர்: மீள்சுழற்சிக்கான பழைய மெத்தைகள், கம்பளங்கள். உள்ளே மருத்துவக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்கத்தினர் கூறினர்.

சமவாயத்தில் சேர்ந்துகொண்ட நாட்டிலே இது எப்படி நுழைந்தது? மீள்ஏற்றுமதி வாணிபத்தை வளர்க்கவென்று 2012ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நிதிச் சட்டமும் அதன்கீழ் 2013இல் வந்த ஒழுங்குவிதிகளும், வணிக மையங்களாக அறிவிக்கப்பட்ட வலயங்களிலுள்ள நிறுவனங்களுக்குச் சுங்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தும் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்தும் விலக்களித்திருந்தன. முன்வாசலிலே 1992இல் பூட்டுப் போட்டவர்கள் 2013இல் கொல்லைப் படலையைத் திறந்துவைத்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. முதலீட்டாளரை அழைக்கும் அவசரத்தில், 'பண்டம்' என்பது எதையெல்லாம் குறிக்கும் என்று எவரும் நின்று யோசிக்கவில்லை போலும்.

2019 ஜூலையில் விடயம் அம்பலமானது. சுற்றாடல் நீதிக்கான நிலையம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது. 2020 செப்டெம்பரில் முதல் 21 கொள்கலன்கள் கப்பலேறின. எஞ்சியவற்றையும் திருப்பியனுப்புமாறு நீதிமன்றம் அவ்வாண்டே கட்டளையிட்டது. இறுதி 45 கொள்கலன்கள் போனது 2022 பெப்ரவரியில். சமவாயம் விதித்த தவணை 30 நாள். சென்ற காலமோ இரண்டரை ஆண்டுக்கு மேல். எனினும், வந்த குப்பை வந்த வழியே போயிற்று என்பது சிறிய நாடொன்றுக்குச் சிறிய வெற்றியன்று.

அனுப்பியவர் முகவரி அதற்கு இருந்தது. உள்ளூர்க் குப்பைக்கு அது இல்லை. கொழும்பின் குப்பைக்காக 2019இல் புத்தளம் மாவட்டத்து அறுவாக்காட்டிலே, சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த இடம் திறக்கப்பட்டது. புத்தளத்து மக்கள் எதிர்த்துப் போராடியும் பயனில்லை. யாழ்ப்பாண மாநகரத்துக் குப்பை நெடுங்காலமாகக் கல்லுண்டாய் வெளியிலே கொட்டப்பட்டு வருகிறது. இந்தக் குடாநாட்டின் அடித்தளமும் சுண்ணாம்புக்கல்லே. மாரி மழையில் அந்த மேட்டிலிருந்து வடியும் நீர், வெடிப்பும் துளையும் நிறைந்த அக்கல்லினூடாகக் கிணற்று நீரோடு சேர நெடுநாள் ஆகாது.