ஊழி என்னும் சொல்

'ஊழி' என்றதும் இன்றைய வாசகர் நெஞ்சில் முதலில் எழுவது அழிவே. பெருவெள்ளம், பெருந்தீ, உலகமுடிவு ஆகியவற்றோடே இச்சொல் உறவு கொண்டுவிட்டது. ஆயின், சங்கப் புலவர்க்கு ஊழி வாழ்த்துதற்குரிய சொல்லாகவும் இருந்தது.

பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்தில் இளஞ்சேரல் இரும்பொறையை வாழ்த்தும் பெருங்குன்றூர் கிழார், அவன் வாழ்வின் நாள் திங்களாகவும், திங்கள் யாண்டாகவும், யாண்டு ஊழியாகவும், ஊழி வெள்ளமாகவும் நீள வேண்டுகிறார். ஈண்டு வெள்ளம் என்பது நீர்ப்பெருக்கன்று, பேரெண்ணின் பெயர். ஊழியோ, மனித வாழ்வுக்கு அன்பு கோரும் எல்லையற்ற நீட்சி.

பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார், வானும் வளியும் தீயும் நீரும் நிலமும் முறையே தோன்றிய ஊழிகளைப் பாடுகிறார். நெய்தல், குவளை, ஆம்பல் முதலிய மலர்ப்பெயர் கொண்ட பேரெண்களால் அக்காலத்தை அளக்கிறார். நீரில் ஆழ்ந்த நிலத்தைத் திருமால் பன்றியுருவில் ஏந்திய செயலால் ஓர் ஊழி பெயர் பெறுகிறது. அழிவன்று, மீட்பே அவ்வூழிக்குப் பெயர் தந்தது என்பது நோக்கத்தக்கது.

சொல்லின் வேரும் இதற்குச் சான்று. 'ஊழ்' முறைமையைக் குறிக்கும், விதியைக் குறிக்கும், முதிர்தலையும் மலர்தலையும் குறிக்கும். வள்ளுவர் விதியை ஊழ் என ஓர் அதிகாரத்தில் பேசுகிறார். சொல்வன்மையில் பூ மலர்தலுக்கு ஊழ்த்தல் என்கிறார். சான்றாண்மையில் ஊழி பெயர்ந்தாலும் பெயராத மாந்தரைக் காட்டுகிறார். காலம் ஒன்று முதிர்ந்து கழிய, மற்றொன்று முறையாக வருதலே ஊழி எனலாம்.

பக்தி இலக்கியத்தில் இருபொருளும் அருகருகே நின்றன. நம்மாழ்வாரின் 'ஊழிதோறூழி' இடையறாத் தொடர்ச்சியைச் சுட்டும். ஊழிவெள்ளத்தில் மிதந்ததாகப் புராணம் கூறும் சீகாழிக்குத் தோணிபுரம் என்றும் பெயர். அங்கும் நினைவில் நிற்பது பிழைத்த தோணியே. இருபதாம் நூற்றாண்டில் பாரதியாரின் 'ஊழிக்கூத்து' அழிவின் பேருருவைத் தமிழ்ச் செவிகளில் நிலைநிறுத்தியது. பின்வந்தோர் பலர் அம்முழக்கத்தை மட்டுமே கைக்கொண்டனர். காலத்தின் பெயர் அக்காலத்தின் முடிவுக்கு உரியதாகச் சுருங்கிற்று.

ஒரு சொல் ஒரு பொருளை இழக்கும்போது அகராதி அதனை இழப்பதில்லை, கவிதையே இழக்கிறது. வாழ்த்தவும் மலரவும் அறிந்திருந்த சொல், அச்சுறுத்த மட்டுமே அறிந்த சொல்லாகிவிடலாகாது. அதன் முழுப்பொருளைக் காப்பது கவிஞர் கடன்.