அஞ்சு பேர், ஏசி ஆன், டிக்கி ஃபுல்... ஃபேமிலி செடானுக்கு எத்தனை குதிரை போதும்?

போன மாசம் எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றம். தலைப்பு, 'எந்த செடான் வாங்கலாம்?'

அப்பாவின் கட்சி, 1.2 லிட்டர் இன்ஜின். "மைலேஜ் வருதா, சர்வீஸ் சென்டர் பக்கத்துல இருக்கா, அது போதும்." தம்பியின் கட்சி, 150 பிஎஸ் டர்போ. "ஒரு தடவை மிதிச்சுப் பாருங்கப்பா, அப்புறம் பேசுங்க!" ரெண்டு பேரையும் பார்த்துட்டு அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அத்தனை குதிரையும் எப்போ ஓடப்போகுது?"

நியாயமான கேள்வி. கார் வாங்கப்போற பல வீடுகளில் இந்தச் சண்டை ஓடிட்டுதான் இருக்கு. இரண்டு இன்ஜினுக்கு நடுவே விலை வித்தியாசம் சில லட்சங்கள். அதனால், பிரோஷரை ஓரமா வெச்சுட்டு, கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

முதல்ல, ஒரு குதிரைன்னா எவ்வளவு?

18-ம் நூற்றாண்டில், நீராவி இன்ஜின் எவ்வளவு வேலை செய்யும் என்பதை மக்களுக்குப் புரியவைக்க ஜேம்ஸ் வாட் கையில் எடுத்த அளவுதான் குதிரைத்திறன். இன்று 1 பிஹெச்பி என்றால் சுமார் 746 வாட். நம் ஊர் பிரோஷர்களில் அதிகம் பார்க்கும் பிஎஸ் என்பது மெட்ரிக் அளவு. 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி, சுமார் 735 வாட். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 120 பிஎஸ் என்றால் 118 பிஹெச்பி, அவ்வளவுதான்.

100 கி.மீ வேகத்தில் போக எவ்வளவு வேணும்?

இங்கேதான் முதல் ஆச்சர்யம். சீரான வேகத்தில் போகும் காருக்கு இரண்டே எதிரிகள். ஒன்று காற்று, இன்னொன்று டயர் உருள்வதில் வரும் தடை. உள்ளே இரண்டு பேர், சமதளச் சாலை, காற்று அடிக்காத நாள். இப்படி ஒரு நடுத்தர செடானை எடுத்துக்கொண்டால், இயற்பியல் கணக்குப்படி சக்கரத்துக்குத் தேவைப்படும் சக்தி தோராயமாக இவ்வளவுதான்:

- 60 கி.மீ வேகத்தில்: 6 பிஎஸ்
- 80 கி.மீ வேகத்தில்: 10 பிஎஸ்
- 100 கி.மீ வேகத்தில்: 17 பிஎஸ்
- 120 கி.மீ வேகத்தில்: 26 பிஎஸ்

கியர்பாக்ஸில் வீணாவது, ஏசி கம்ப்ரஸர் எடுப்பது எல்லாம் சேர்த்தாலும், 100 கி.மீ வேகத்தில் 20 பிஎஸ்ஸைக் கொஞ்சம் தாண்டும். சென்னைக்குள் கார்களுக்கு 60 கி.மீ-தான் உச்ச வேகம் என்று 2023-லேயே போலீஸ் அறிவித்துவிட்டது. ஆக, ஊருக்குள் 150 பிஎஸ் காரும் 80 பிஎஸ் காரும் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மிச்சக் குதிரைகள் லாயத்தில் தூங்கும்.

இதை ஒப்புக்கொள்ளும் இன்ஜினே மார்க்கெட்டில் இருக்கு. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸின் 1.5 லிட்டர் டர்போ, 150 பிஎஸ் தரும் நான்கு சிலிண்டர் இன்ஜின். ஆனால், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து சீராகப் போனால், இரண்டு சிலிண்டர்களைத் தானே அணைத்துவிடும். 'இந்த வேலைக்குப் பாதி இன்ஜின் போதும்' என்று இன்ஜினே சொல்வது மாதிரிதான்!

அப்போ மிச்ச குதிரை எதுக்கு?

சீராகப் போறதுக்கு சக்தி வேண்டாம். வேகத்தைக் கூட்டத்தான் வேணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி, சித்தப்பாவின் சின்ன செடானில் ஊருக்குப் போனோம். அஞ்சு பேர், டிக்கி முழுக்க பை, உச்சி வெயில், ஏசி ஃபுல். இருவழிச் சாலையில் முன்னால் ஒரு லாரி. எதிரில் தூரத்தில் ஒரு பஸ். 'தாண்டிடலாம்' என்று சித்தப்பா வெளியே எடுத்தார். கார் அஞ்சாவது கியரில் இருந்தது. மிதிச்சார். சத்தம் வந்தது, வேகம் வரலை. லாரியின் நடுப்பகுதியைத் தாண்டும்போதே பஸ் பெரிசாகிவிட்டது. பிரேக் அடித்து மறுபடியும் லாரிக்குப் பின்னாடியே வந்து ஒளிந்தோம். பின் சீட்டில் இருந்த அம்மா அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பேசவே இல்லை.

அந்த இடத்தின் கணக்கைப் பார்ப்போம். ஆட்கள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், 60-லிருந்து 100 கி.மீ வேகத்துக்குப் போகணும். 12 விநாடி எடுத்துக்கொண்டால் சராசரியாக 55 பிஎஸ் போதும். 8 விநாடியில் முடிக்கணும் என்றால் 75 பிஎஸ் தேவை.

'அப்போ 75 பிஎஸ் இன்ஜின் போதுமே!' என்று நினைத்தால், அங்கே ஒரு சின்ன சிக்கல். பிரோஷரில் போட்டிருக்கும் பவர், இன்ஜின் உச்ச சுழற்சிக்கு அருகில் மட்டும் கிடைப்பது. கியர் மாற்றும் நேரம், கியர்பாக்ஸ் இழப்பு, ஏசி எல்லாம் போக, சக்கரத்துக்குச் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே பெரிய விஷயம். அதாவது 12 விநாடிக்கு 80 - 85 பிஎஸ் இன்ஜின். 8 விநாடிக்கு 110 - 120 பிஎஸ் இன்ஜின்.

நாலு விநாடி பெரிசா? எதிரில் வரும் பஸ் 80 கி.மீ வேகத்தில் விநாடிக்கு 22 மீட்டர் நெருங்கும். நாமும் கிட்டத்தட்ட அதே அளவு நெருங்குவோம். ஒவ்வொரு விநாடிக்கும் 40 மீட்டருக்கு மேல் இடைவெளி கரையும். இப்போ சொல்லுங்க!

பவர் வேற, டார்க் வேற

சித்தப்பா காரில் குதிரை குறைவு என்பது பாதி உண்மைதான். இருந்த குதிரைகளையும் அவர் எழுப்பவில்லை என்பது மீதி. மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்திருந்தால் கதை வேற.

நாம 'பிக்கப்', 'இழுவை' என்று சொல்வது பெரும்பாலும் டார்க்கைத்தான். அது எவ்வளவு என்பதைவிட, எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு கார்களை ஒப்பிடுவோம்.

ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல்: 121 பிஎஸ், 145 என்எம் டார்க். அந்த முழு டார்க் 4,300 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும்.

விர்ட்டஸ் மற்றும் ஸ்கோடா ஸ்லாவியாவின் 1.0 லிட்டர் டர்போ: 115 பிஎஸ், 178 என்எம் டார்க். அது 1,750 ஆர்பிஎம்மிலேயே ஆரம்பித்துவிடும்.

குதிரையில் சிட்டி முன்னால். ஆனால், ஐந்து பேருடன் கியர் மாற்றாமல் மிதித்தால் டர்போதான் சட்டென்று இழுக்கும். சிட்டியில் ஒரு கியர் இறக்கி, இன்ஜினைப் பாட விடணும். விட்டால் அதுவும் பறக்கும்.

டர்போவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. 1,700 ஆர்பிஎம்முக்குக் கீழே கொஞ்சம் சோம்பேறி. ஸ்பீடு பிரேக்கர், சிக்னல், மாட்டு வண்டி என்று இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு டர்போ இல்லாத இன்ஜின்தான் சுகம்.

பிரோஷரில் இல்லாத எடை

பவரை மட்டும் பார்க்காதீங்க. எடையால் வகுத்துப் பாருங்க. புதிய மாருதி டிசையரின் 1.2 லிட்டர் இன்ஜின் 82 பிஎஸ்தான். ஆனால், கார் ஒரு டன்னைவிடக் குறைவு. அதனால் டிரைவர் மட்டும் இருக்கும்போது சுறுசுறுப்பாகவே ஓடும்.

அதில் ஐந்து பேர், பைகள் என்று 400 கிலோவை ஏற்றினால்? ஒரு டன்னுக்குச் சுமார் 88 பிஎஸ் என்று இருந்த கணக்கு 61 ஆகக் குறையும். அதே 400 கிலோவை சிட்டியில் ஏற்றினால் 107 என்பது 79 ஆகும். இரண்டு காரும் இளைக்கும். ஆனால், சின்ன காரில்தான் அது நன்றாகத் தெரியும். சிஎன்ஜி வெர்ஷன் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். டிசையர் சிஎன்ஜி-யில் ஓடும்போது பவர் 70 பிஎஸ்ஸாகக் குறையும். சிலிண்டர் எடை வேறு!

மலைப்பாதை? வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் 100-ல் போகப்போவதில்லை. 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சரிவில், ஃபுல் லோடுடன் 40 கி.மீ வேகத்தில் ஏற 20 பிஎஸ் சொச்சம் போதும். ஒரு காலத்தில் 40 குதிரைத்திறனை ஒட்டிய பிரீமியர் பத்மினி ஊட்டிக்குக் குடும்பம் குடும்பமாக ஏறியது இப்படித்தான். என்ன, அப்போ ஏசி கிடையாது, அவசரமும் கிடையாது.

பர்ஸுக்கு எவ்வளவு அடி?

'பவர் அதிகம்னா மைலேஜ் அடிவாங்கும்' என்பது முழு உண்மை இல்லை. ஹூண்டாய் வெர்னாவை எடுத்துக்கோங்க. 115 பிஎஸ் சாதாரண இன்ஜின், மேனுவல் கியரில் அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 18.6 கி.மீ. 160 பிஎஸ் டர்போ மேனுவலுக்கு 20 கி.மீ! காரணம், மைலேஜ் டெஸ்ட்டில் காரை மென்மையாகத்தான் ஓட்டுவார்கள். டர்போ காற்றை ஊத ஆரம்பித்தால் பெட்ரோலும் கூடவே போகும். மைலேஜைத் தீர்மானிப்பது பாதி இன்ஜின், மீதி உங்கள் வலது கால்.

வரியில் குதிரைக்குக் கணக்கே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசி-க்கு உட்பட்ட பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவிகிதம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் 40 சதவிகிதம். டிசையர், அமேஸ், ஆரா எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கி இருப்பதற்கு இந்த வரி விதிதான் முக்கியக் காரணம்.

தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸும் சிசி-யைத்தான் பார்க்கும். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய். இதனால், 999 சிசி-யில் 115 பிஎஸ் தரும் டர்போவுக்குப் பிரீமியம் குறைவு. 82 பிஎஸ் தரும் 1.2 லிட்டருக்கு அதிகம்!

ஆக, பவருக்கு நீங்கள் கொடுக்கும் பெரிய விலை, வாங்கும்போது கொடுக்கும் அந்தச் சில லட்சங்கள்தான். அந்தப் பணத்துக்கு வேற என்ன கிடைக்கும் என்பதையும் யோசிக்கணும். நல்ல டயர், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், கிராஷ் டெஸ்ட்டில் நல்ல ரேட்டிங். ஏன்னா, 100-லிருந்து 120 கி.மீ ஆக வேகம் கூடினால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் 20 சதவிகிதம் இல்லை, 44 சதவிகிதம் கூடும். குதிரை ஓட வைக்கும், நிறுத்தாது.

பெரிய இன்ஜின் மோகம் கொண்ட அமெரிக்காவிலேயே காற்று திரும்புது. அங்கே ஃபேமிலி செடான் என்றால் டொயோட்டா கேம்ரி. அதில் 301 குதிரைத்திறன் வி6 இன்ஜின் இருந்தது. 2025 மாடலில் அதைத் தூக்கிவிட்டு, 225 முதல் 232 குதிரைத்திறன் வரை தரும் ஹைபிரிட் மட்டும்தான் தருகிறார்கள்.

உங்க வீட்டுக்கு எது?

80 - 90 பிஎஸ்: பெரும்பாலும் ஊருக்குள், இரண்டு மூன்று பேர், நெடுஞ்சாலை என்றால் நான்கு வழிச் சாலை. தாராளமாகப் போதும். ஃபுல் லோடில் ஓவர்டேக் செய்யும்போது மட்டும் பொறுமையும் கியர் இறக்கும் பழக்கமும் வேணும்.

110 - 120 பிஎஸ்: மாசம் ஒரு தடவையாவது அஞ்சு பேரோடு வெளியூர், இருவழிச் சாலை, மலைப்பாதை. குடும்பத்தோட 'தேவை' என்று சொல்லக்கூடியது இதோடு முடிந்துவிடுகிறது.

150 பிஎஸ்ஸும் அதற்கு மேலும்: இது ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால், 'சேஃப்டிக்காக வாங்கறேன்' என்று வீட்டில் கதை விடாதீங்க.

டெஸ்ட் டிரைவ் போறப்போ இதைச் செய்யுங்க

- தனியா போகாதீங்க. வீட்டில் நாலு பேரை ஏற்றுங்க. ஏசி ஃபுல்லா இருக்கட்டும்.
- மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் இழுவை எப்படி என்று பாருங்க.
- காலியான, பாதுகாப்பான சாலையில், வேக வரம்புக்குள் 40-லிருந்து 80 கி.மீ வரை போக எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் மொபைலில் கணக்கெடுக்கட்டும். நீங்கள் ரோட்டைப் பாருங்க.
- அதே அளவு அக்கறையுடன் பிரேக்கையும் சோதிச்சுப் பாருங்க.

நாங்களும் அப்படித்தான் போனோம். அப்பா ஓட்ட, அம்மாவும் பாட்டியும் பின் சீட்டில். கடைசியில் அப்பாவின் 82-ம் ஜெயிக்கலை, தம்பியின் 150-ம் ஜெயிக்கலை. வருஷத்துக்கு ஆறேழு தடவை ஃபுல் லோடில் ஊருக்குப் போகிற வீடு எங்களுடையது. அதனால் 115 பிஎஸ்ஸில் முடிந்தது.

தம்பிக்கு இன்னும் மனசு ஆறலை. அம்மா மட்டும் ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க: "எத்தனை குதிரை இருந்தாலும் சரி, எதிர்ல பஸ் தெரிஞ்சா லாரிக்குப் பின்னாடியே வாங்க."